வேகமா, வீட்டு டெலிபோனா?

(பஞ்சாலைத் தொழிலாளர் குடியிருப்பு ஒன்றின் படிப்பகத்தில் நடந்த மாலைக் கூட்டத்தில் பேசியது)



இன்று என்னைப் பேசச் சொன்ன விஷயம் பஞ்சப்படியுமல்ல, போனசுமல்ல. வீட்டுக்கு வரும் இண்டர்நெட்டும், வீட்டில் இருக்கிற டெலிபோனும். "இதற்கெல்லாம் ஒரு கூட்டமா?" என்று வாசலில் ஒரு தோழர் சிரித்தார். சிரிக்கட்டும். மாதம் நானூறு, ஐந்நூறு, எழுநூறு என்று வீட்டுக்கு வீடு போகிற பணம் இது. பஞ்சப்படியில் ஐம்பது ரூபாய் குறைந்தால் ஆலை கேட்டில் கூடுகிறோம். மாதா மாதம் ஐந்நூறு ரூபாய் எதற்குக் கொடுக்கிறோம் என்றே தெரியாமல் கொடுத்தால், அதையும் கூடித்தான் பேச வேண்டும்.

ஒரு மாதமாக நம் லைன் வீடுகளில் நோட்டீசு மழை. ஒருவர் 100 எம்பிபிஎஸ் என்கிறார்; மறுநாள் வருகிறவர் 200 என்கிறார்; மூன்றாமவர் 300 என்கிறார். மூவரும் ஒன்றை மட்டும் ஒரே குரலில் சொல்லுகிறார்கள்: "அந்தப் பழைய டெலிபோனைச் சரண்டர் செய்துவிடுங்கள், அது எதற்கு?" உங்களில் பலர் என்னிடம் வந்து, "தோழர், செய்துவிடலாமா?" என்று கேட்டீர்கள். அதற்குத்தான் பதில் சொல்ல வந்தேன். நான் என்ஜினீயர் அல்ல, பள்ளி இறுதி வகுப்போடு நின்றவன். ஆனால் இந்தப் படிப்பகத்தில் உட்கார்ந்து உங்கள் பில்களைப் படித்து, உங்களுக்காகப் புகார் எழுதி, லைன்மேன்களோடு டீ குடித்துக் கேட்டுத் தெரிந்துகொண்டதைச் சொல்லுகிறேன்.

முதலில் இந்த எம்பிபிஎஸ் என்ன சமாச்சாரம் என்று பார்ப்போம்.

ஒரு விநாடியில் எத்தனை மெகாபிட் செய்தி வீட்டுக்குள் வரும் என்ற கணக்கு அது. கவனியுங்கள், பிட். உங்கள் செல்போனில் ஒரு படம் 5 எம்பி என்று காட்டுகிறதே, அது பைட். எட்டு பிட் சேர்ந்தால்தான் ஒரு பைட். எட்டுப் படி ஒரு மரக்கால் என்று பழைய வாய்பாடு இருக்கிறதல்லவா, அந்த மாதிரி. கம்பெனி படியில் எண்ணி விலை சொல்லுகிறது, நீங்கள் மரக்காலில் எண்ணி வாங்குகிறீர்கள். 40 எம்பிபிஎஸ் என்றால் விநாடிக்கு 40 எம்பி அல்ல, 5 எம்பி. நூறு எம்பி உள்ள பாடப் புத்தகம் ஒன்றை இறக்க இருபது விநாடி. கூலி அளக்க ஒரு மரக்கால், குத்தகை வாங்க ஒரு மரக்கால் என்று நம் பெரியவர்கள் அனுபவித்ததை நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். அளவு புரியாதவன் எந்தக் காலத்திலும் ஏமாறுவான்.

சரி, ஒரு தொழிலாளி வீட்டுக்கு எவ்வளவு வேண்டும்? டெலிபோனில் பேசுகிற பேச்சுக்கு ஒரு எம்பிபிஎஸ்ஸில் பத்தில் ஒரு பங்கு போதும். பையன் வீடியோவில் பாடம் கேட்டால் இரண்டு, மூன்று. தெளிவான சினிமாப் படம் பார்க்க ஐந்து. சுவரளவு பெரிய டெலிவிஷனில் மிக நுட்பமாகப் பார்க்கிறவனுக்கு இருபது, இருபத்தைந்து. நம் வீட்டில் இரண்டு பிள்ளைகள் பாடம் கேட்டு, அம்மா சீரியல் பார்த்து, அப்பா போனில் பேசினாலும் பதினைந்தைத் தாண்டாது. முப்பது எம்பிபிஎஸ் ஒழுங்காக வந்தால் நான்கைந்து பேர் உள்ள வீட்டுக்குத் தாராளம். "ஒழுங்காக வந்தால்" என்று சொன்னேனே, விஷயமே அதில்தான் இருக்கிறது.

சர்க்கார் சொன்ன அளவையும் தெரிந்துகொள்ளுங்கள். 2004-ல் பிராட்பேண்டு என்றால் 256 கேபிபிஎஸ் இருந்தால் போதும் என்றார்கள். 2013-ல் அதை 512 ஆக்கினார்கள். 2023 ஜனவரியில்தான் 2 எம்பிபிஎஸ் என்று ஏற்றினார்கள். ஒரு பக்கம் கம்பெனி 300 என்று கூவுகிறது, இன்னொரு பக்கம் சட்டம் 2 வந்தாலே பிராட்பேண்டு என்கிறது. இந்த இடைவெளியில்தான் நம் ஐந்நூறு ரூபாய் காணாமல் போகிறது.

நோட்டீசில் 100 என்று போட்டது ராத்திரி ஒன்பது மணிக்கு ஏன் பத்தாக இறங்குகிறது? வயலில் வேலை செய்கிற தாய்மார்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. மதகில் தண்ணீர் பாய்ந்தால் கடைமடைக்கு வந்துவிடுமா? ஃபைபர் என்பது தலைமயிர் போன்ற கண்ணாடி இழை. அதற்குள் ஒளி ஓடுகிறது. எக்ஸ்சேஞ்சிலிருந்து வரும் ஒரு இழையை நடுவழியில் 32 வீட்டுக்கோ 64 வீட்டுக்கோ பிரிக்கிறார்கள். அந்த ஓர் இழையில் வழக்கமாக விநாடிக்குச் சுமார் 2,500 மெகாபிட் வரும். 64 வீட்டுக்கும் ஆளுக்கு 100 என்று விற்றால் கணக்கு 6,400 ஆகிறது. எல்லா மடையையும் ஒரே நேரத்தில் திறக்க மாட்டார்கள் என்ற நம்பிக்கையில் விற்கிறார்கள். அது தப்பில்லை, பஸ் கம்பெனியும் அப்படித்தான் ஓட்டுகிறது. ஆனால் எக்ஸ்சேஞ்சுக்கு வெளியூரிலிருந்து வருகிற பெரிய வாய்க்காலே சிறியதாக இருந்தால்? சின்ன ஆபரேட்டர்கள் பலர் காசை மிச்சம் பிடிப்பது அங்கேதான். முதல் ஷிப்டும் இரண்டாம் ஷிப்டும் வீட்டில் இருக்கிற நேரத்தில் குடியிருப்பு முழுவதும் கடைமடையாகிவிடுகிறது.

இன்னொரு சங்கதி, அதிகம் பேர் பார்க்காதது. இறங்குகிற வேகம் வேறு, ஏறுகிற வேகம் வேறு. நோட்டீசில் பெரிதாகப் போடுவது இறங்குகிறதை. நாம் வீட்டிலிருந்து அனுப்புகிற படம், பையன் போடுகிற விண்ணப்பம் எல்லாம் ஏறுகிற வழியில் போகின்றன. ஏறுகிற வழி அடைத்தால் என்ன ஆகும் என்று நூறு நாள் வேலைக்குப் போன தாய்மார்களைக் கேளுங்கள். 2023 ஜனவரி முதல் எல்லாப் பணித்தளங்களிலும் செல்போன் செயலியில் நாளுக்கு இரண்டு முறை போட்டோ ஏற்ற வேண்டும் என்று கட்டாயமாக்கினார்கள். டவர் இல்லாத ஏரிக்கரையில் போட்டோ ஏறவில்லை. மண் சுமந்தது உண்மை, வேர்வை சிந்தியது உண்மை, ஆனால் போட்டோ ஏறாததால் வருகை இல்லை, வருகை இல்லாததால் கூலி இல்லை. தேசமெங்கும் இந்தப் புகார் எழுந்தது. ஆகவே திட்டம் வாங்கும்போது "ஏறுகிற வேகம் எவ்வளவு?" என்று கேளுங்கள்.

கம்பெனியின் குற்றமல்லாத ஒன்றையும் நியாயமாகச் சொல்லிவிட வேண்டும். மோடம் பெட்டியைச் சாமி படத்துக்குப் பக்கத்தில், பீரோவுக்குப் பின்னால் வைத்துவிட்டு, தகரக் கூரை போட்ட பின்கட்டில் உட்கார்ந்துகொண்டு வேகம் வரவில்லை என்கிறோம். வைஃபை என்பது ரேடியோ அலை. தகரம் அதை விடாது. பெட்டியில் இரண்டு அலை இருக்கும். 2.4 என்பது சுவரைத் தாண்டும், ஆனால் லைன் வீடுகளில் பத்து வீட்டுப் பெட்டியும் அதே அலையில் முட்டிக்கொள்ளும். 5 என்பது வேகமானது, சுவரைக் கண்டால் சோர்ந்துவிடும். ஆகையால் வேகத்தைச் சோதிக்கிறவர்கள் பெட்டிக்குப் பக்கத்தில் நின்று சோதியுங்கள். காலையில் ஒரு முறை, ராத்திரி ஒன்பதுக்கு ஒரு முறை, ஏழு நாள். நோட்டில் தேதி போட்டு எழுதுங்கள். எழுதி வைத்த கணக்கின் முன்னால் கம்பெனி ஆள் பேசுகிற பேச்சே வேறாக இருக்கும்.

2023-லிருந்து "ஏர்ஃபைபர்" என்று ஒன்று விற்கிறார்கள். பெயரில் ஃபைபர் இருக்கிறதே தவிர, உங்கள் வீட்டுக்கு இழை எதுவும் வராது. டவரிலிருந்து அலையாக வந்து மாடியில் உள்ள கருவியில் இறங்குகிறது. கேபிள் போக முடியாத இடத்துக்கு நல்லதுதான். ஆனால் ஃபைபர் விலை கொடுத்து ஃபைபர் என்று நினைத்து வாங்காதீர்கள். கேழ்வரகுக் களிக்குப் பொங்கல் என்று பெயர் வைத்தால் களி பொங்கலாகிவிடாது!

இனி டெலிபோனுக்கு வருகிறேன்.

சென்னையில் முதல் எக்ஸ்சேஞ்சு 1882-ல் திறந்தது. வெள்ளைக்காரக் கம்பெனி ஒன்று வியாபாரிகளுக்காகத் திறந்தது. தொழிலாளி வீட்டுக்கு அந்த மணியோசை வந்து சேர நூறு வருஷத்துக்கு மேல் ஆயிற்று. 1984-ல் தொடங்கிய சி-டாட் என்ற சர்க்கார் ஸ்தாபனத்தின் இளம் என்ஜினீயர்கள், புழுதியிலும் வெயிலிலும் குளிர்சாதனம் இல்லாமல் ஓடுகிற சின்ன எக்ஸ்சேஞ்சைச் செய்தார்கள். அதனால்தான் கிராமத்துக்கு டெலிபோன் வந்தது. மஞ்சள் எழுத்துப் போட்ட எஸ்.டி.டி. பூத் தெருவுக்குத் தெரு முளைத்தது. 1995 ஜூலை 31-ல் நாட்டின் முதல் செல்போன் பேச்சைக் கல்கத்தாவிலிருந்து டெல்லிக்குப் பேசியவர் மேற்கு வங்க முதல்வராக இருந்த தோழர் ஜோதிபாசு. அப்போது ஒரு நிமிஷப் பேச்சுக்கு ஆகிற காசில் நம்மால் அரிசி வாங்க முடியும் என்ற நிலைமை. அதனால் நாம் கம்பி டெலிபோனோடு இருந்தோம். 2006 வாக்கில் நாடு முழுவதும் சுமார் 5 கோடி கம்பி டெலிபோன் இருந்தது. 2020-ல் அது சுமார் 2 கோடியாகச் சுருங்கியது. பிறகு ஃபைபரோடு ஒட்டிக்கொண்டு மறுபடியும் ஏறியிருக்கிறது.

அந்தப் பழைய கம்பி டெலிபோனுக்கு ஒரு பெரிய குணம் உண்டு. வீட்டில் கரண்டு போனாலும் அது பேசும். ஏன்? அதற்கு வேண்டிய மின்சாரம் அதே செம்புக் கம்பி வழியாக எக்ஸ்சேஞ்சிலிருந்து வருகிறது. அங்கே 48 வோல்ட் பாட்டரி வரிசை இருக்கிறது, பக்கத்தில் ஜெனரேட்டர் இருக்கிறது. உங்கள் தெருவே இருட்டில் கிடந்தாலும் ரிசீவரை எடுத்தால் 'ர்ர்ர்' என்று சத்தம் கேட்கும். (கையில் தூக்கிக்கொண்டு நடக்கிற கார்ட்லெஸ் போன் மட்டும் பேசாது, அதற்கு வீட்டுக் கரண்டு வேண்டும். ஒயர் வைத்த சாதாரண டெலிபோன்தான் பேசும்.)

கண்ணாடி இழையில் ஒளி ஓடும், மின்சாரம் ஓடாது. ஆகவே ஃபைபர் வந்தவுடன் டெலிபோன் உங்கள் வீட்டு மோடம் பெட்டியை நம்பி நிற்கிறது. பெட்டி உங்கள் வீட்டுக் கரண்டை நம்பி நிற்கிறது. கரண்டு போன அதே விநாடி இண்டர்நெட்டும் போகும், டெலிபோனும் போகும். இதை எந்த நோட்டீசிலும் நான் பார்க்கவில்லை.

"செல்போன் இருக்கிறதே தோழர்" என்பீர்கள். இருக்கிறது. 2018 நவம்பர் 16-ல் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறியதே, டெல்டாவிலிருந்து வந்து இங்கே வேலை செய்கிற தோழர்களைக் கேளுங்கள். கம்பங்கள் சாய்ந்து, பல கிராமங்களில் வாரக் கணக்கில் மின்சாரம் இல்லை. டவருக்கும் பாட்டரி சில மணி நேரம்தான். பிறகு டீசல் ஊற்ற ஆள் வர வேண்டும். பாதையில் மரம் விழுந்து கிடந்தால் ஆள் எப்படி வருவான்?

இது நம் ஊர்ச் சங்கதி மட்டுமல்ல. மின்சாரம் என்றாவது ஒரு நாள்தான் போகும் என்று சொல்லப்படுகிற பிரிட்டனிலும் இதே கதை நடந்தது. அங்கே செம்புக் கம்பி டெலிபோனை 2025 டிசம்பருக்குள் முழுக்க நிறுத்திவிடுவதாகக் கம்பெனிகள் நாள் குறித்தன. 2021 நவம்பரில் ஆர்வன் என்ற புயல் அடித்தது. ஆயிரக்கணக்கான வீடுகள் நாட்கணக்கில் இருட்டில் கிடந்தன. புது டெலிபோன் ஊமையாயிற்று. ஜனங்கள் கூச்சல் போட்டார்கள். 2022 மார்ச்சில் அங்குள்ள பெரிய கம்பெனி பி.டி., மாற்றும் வேலையை நிறுத்தி வைத்தது. தனியாக வாழும் முதியவர்கள் கழுத்தில் ஓர் அபாய மணியை மாட்டிக்கொண்டிருப்பார்கள். விழுந்தால் அமுக்க வேண்டும், டெலிபோன் வழியாக உதவி வரும். சுமார் 18 லட்சம் பேர் அதை நம்பியிருந்தார்கள். புது லைனில் அந்த மணி சில வீடுகளில் வேலை செய்யவில்லை. 2023 டிசம்பரில் அந்த சர்க்கார் கம்பெனிகளைக் கூப்பிட்டு, இப்படிப்பட்டவர்களைக் கட்டாயமாக மாற்றமாட்டோம் என்று எழுதி வாங்கியது. நாளும் 2027 ஜனவரிக்குத் தள்ளிப் போயிற்று. டெலிபோனையே நம்பி இருக்கிறவர்களுக்கு, கரண்டு போனாலும் குறைந்தது ஒரு மணி நேரம் அவசர உதவிக்குப் பேச வழி செய்ய வேண்டும் என்று அங்கே ஒழுங்குமுறை அதிகாரம் சொல்லியிருக்கிறது. கூச்சல் போட்டதால் கிடைத்தது அது.

அப்படியானால் செம்புக் கம்பியை விடாமல் கட்டிப் பிடித்துக்கொள்ளச் சொல்லுகிறேனா? இல்லை. செம்புக்கு வயதாகிவிட்டது. மழை பெய்தால் இணைப்புகளில் தண்ணீர் இறங்கி, பேச்சில் கரகரவென்று சத்தம். கேபிளைத் தோண்டித் திருடி விற்கிறவர்கள் வேறு. அதில் வருகிற இண்டர்நெட்டும் எக்ஸ்சேஞ்சுக்குப் பக்கத்தில் இருந்தால் அதிகபட்சம் 24 எம்பிபிஎஸ். தூரம் போகப் போகக் குறைந்து, ஐந்து கிலோமீட்டருக்கு அப்பால் தேய்ந்துவிடும். அதைப் பழுது பார்க்க ஆளும் இல்லை. ஏன் இல்லை? 2000 அக்டோபர் 1-ல் டெலிபோன் இலாகாவைப் பிரித்து பிஎஸ்என்எல் என்று கார்ப்பரேஷன் ஆக்கினார்கள். 2016 செப்டம்பரில் ஜியோ 4ஜி-யை இலவசமாக அள்ளி வீசியபோது, சர்க்காரின் சொந்தக் கம்பெனிக்கு 4ஜி அலைவரிசையே ஒதுக்கவில்லை. 2019 அக்டோபரில்தான் ஒதுக்குவதாக முடிவெடுத்தார்கள். அதே திட்டத்தில், 2020 ஜனவரி 31 அன்று ஒரே நாளில் சுமார் 78,500 ஊழியர்கள் விருப்ப ஓய்வு என்ற பெயரில் வெளியேறினார்கள். ஏறக்குறையப் பாதிப் பேர்! எந்தக் குழியில் எந்த இணைப்பு என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லக்கூடிய லைன்மேன்கள் அன்று மாலை வீட்டுக்குப் போனார்கள். அந்த அறிவு எந்தப் பேரேட்டிலும் எழுதப்படவில்லை. சொந்த 4ஜி-யை நாடெங்கும் தொடங்கி வைக்க 2025 செப்டம்பர் 27 ஆயிற்று. ஒன்பது வருஷ ஓட்டப் பந்தயத்தில் காலைக் கட்டிவிட்டு, "பார், ஓடத் தெரியவில்லை" என்று சொன்னார்கள்.

ஆகவே செம்புக்காக நான் அழவில்லை. நம்பருக்காகத்தான் பேசுகிறேன்.

நம் பெண்களில் பலர் ஆலை ஹாஸ்டலில் தங்கி வேலை செய்தவர்கள். செல்போனை வாங்கி வைத்துக்கொள்ளும் ஆலைகள் உண்டு என்பது இங்கே யாருக்கும் ரகசியமல்ல. அந்தப் பெண்ணுக்கு மனப்பாடமாகத் தெரிந்தது எந்த நம்பர்? அண்ணனின் செல் நம்பர் மூன்று தடவை மாறியிருக்கும். அப்பாவின் போனில் ரீசார்ஜ் தீர்ந்திருக்கும். பிள்ளைப் பருவத்தில் வாய்பாடு போல உருப்போட்ட வீட்டு டெலிபோன் நம்பர் ஒன்றுதான் ராத்திரி பத்து மணிக்கு வார்டன் அறையிலிருந்து ஞாபகம் வரும். போன வருஷம் ஒரு பெண் அப்படித்தான் பேசி, காய்ச்சலோடு கிடந்தவளை அவள் தகப்பனார் போய் அழைத்து வந்தார். அந்த வீட்டில் அந்த டெலிபோன் ஆறு மாதமாக மணியடிக்காமல் கிடந்தது. "சரண்டர் செய்துவிடலாம் என்றிருந்தேன்" என்று அவர் என்னிடம் சொன்னார்.

இப்போது ஒரு முக்கியமான சட்ட விஷயம். செல்போன் நம்பரை ஒரு கம்பெனியிலிருந்து இன்னொரு கம்பெனிக்குக் கொண்டு போகலாம். வீட்டு டெலிபோன் நம்பரை அப்படிக் கொண்டு போக நம் நாட்டில் வழியில்லை. சரண்டர் செய்தால் நம்பர் போயிற்று. தனியார் கம்பெனி "இலவச லேண்ட்லைன்" என்று கொடுப்பது வேறு நம்பர். பிஎஸ்என்எல்லில் செம்பிலிருந்து ஃபைபருக்கு மாறும்போது மட்டும் அதே நம்பரை வைத்துக்கொள்ளலாம். அப்படி மாறுகிறவர்கள் விண்ணப்பத்திலேயே "பழைய நம்பர் தொடர வேண்டும்" என்று எழுதுங்கள். வாயால் சொல்லிவிட்டு வராதீர்கள்.

ஒரு தோழர் சீட்டு அனுப்பியிருக்கிறார்: "கரண்டு போனால் ஃபைபர் டெலிபோன் ஊமை என்றீர்களே, அதற்கு மாற்று இல்லையா?" இருக்கிறது. மோடம் பெட்டி 12 வோல்ட்டில் ஓடுகிற சின்னப் பிராணி. அதற்கென்று கையகல யூபிஎஸ் ஆயிரம், இரண்டாயிரம் ரூபாய்க்குள் கடையில் கிடைக்கிறது. சில மணி நேரம் தாங்கும். பெட்டியின் பின்னால் டெலிபோன் ஒயர் செருகுகிற துளை இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். அதில் உங்கள் பழைய டெலிபோனையே செருகலாம். ஆனால் உங்கள் வீட்டுப் பாட்டரி மட்டும் போதாது. தெருக் கம்பத்தில் உள்ள பெட்டிக்குக் கரண்டு வேண்டுமா, வேண்டாமா என்று ஆபரேட்டரைக் கேளுங்கள். இழையைப் பிரிக்கிற கண்ணாடிப் பிரிப்பானுக்குக் கரண்டே வேண்டாம். அது நல்ல ஏற்பாடு. சிலர் கம்பத்தில் மின்சார ஸ்விட்சுப் பெட்டி வைத்து ஓட்டுகிறார்கள். தெருவில் கரண்டு போனால் அதுவும் படுத்துவிடும், உங்கள் யூபிஎஸ் சும்மா விளக்கு எரித்துக்கொண்டிருக்கும்.

இன்னொரு சீட்டு, ஒரு வயதான அம்மா பேத்தியிடம் சொல்லி எழுதியது: "தம்பி, எனக்கு இண்டர்நெட்டே வேண்டாம். பேசினால் போதும். அதற்கும் முந்நூறு ரூபாய் ரீசார்ஜா?" நியாயமான கேள்வி அம்மா. தனியார் கம்பெனிகள் 2019 டிசம்பர், 2021 நவம்பர்-டிசம்பர், 2024 ஜூலை என்று மூன்று தடவை ஏறக்குறைய ஒன்றாகச் சேர்ந்து கட்டணத்தை ஏற்றின. வேண்டாத டேட்டாவையும் சேர்த்துத்தான் வாங்க வேண்டும் என்ற நிலைமை. 2024 டிசம்பரில் டிராய் ஓர் உத்தரவு போட்டது: பேச்சும் எஸ்.எம்.எஸ்.ஸும் மட்டும் உள்ள திட்டம் ஒன்றாவது ஒவ்வொரு கம்பெனியும் வைக்க வேண்டும் என்று. வைத்திருக்கிறார்கள், ஆனால் செயலியில் தேடிக் கண்டுபிடிக்க வேண்டிய மூலையில் வைத்திருக்கிறார்கள். பேத்தியை விட்டுத் தேடச் சொல்லுங்கள், அல்லது இங்கே வாருங்கள். உங்கள் வீட்டு டெலிபோனிலிருந்து செல்போனுக்குப் பேசும்போது முன்னால் சைபர் போட மறக்காதீர்கள். 2021 ஜனவரி 15 முதல் அப்படித்தான். சைபர் போடாமல் முயற்சி செய்து டெலிபோன் கெட்டுவிட்டது என்று சரண்டர் செய்தவர்களும் உண்டு!

பழுதைப் பற்றிக் கேட்டவர்களுக்கு: கூப்பிட்டுச் சொன்னால் போதாது, டாக்கெட் நம்பர் கேட்டு வாங்குங்கள். 2009-ல் டிராய் போட்ட விதியில், பழுது மூன்று நாளைத் தாண்டினால் ஏழு நாள் வாடகை, ஏழு நாளைத் தாண்டினால் பதினைந்து நாள், பதினைந்தைத் தாண்டினால் ஒரு மாத வாடகை கழிக்க வேண்டும் என்று இருந்தது. இப்படி ஒன்று உண்டு என்றே முக்கால்வாசிப் பேருக்குத் தெரியாது. கழிவைக் கேட்டு எழுதுங்கள். பதில் திருப்தியில்லை என்றால் அதே கம்பெனியில் மேல்முறையீட்டு அதிகாரி ஒருவர் இருக்க வேண்டும் என்று 2012-ஆம் வருஷ விதி இருக்கிறது. அவருக்கு எழுதக் கட்டணம் கிடையாது. சரண்டர் செய்தே தீர வேண்டும் என்கிறவர்கள், டெலிபோன் வாங்கியபோது கட்டிய டெபாசிட்டை விட்டுவிடாதீர்கள். தாத்தா பெயரில் கட்டியிருந்தால் அதற்கும் வழியிருக்கிறது.

கிராமத்திலிருந்து வந்திருக்கும் தாய்மார்கள், "எங்களூரில் இழையும் இல்லை, செம்பும் இல்லை" என்று முணுமுணுப்பது கேட்கிறது. 2011-ல் நாட்டின் இரண்டரை லட்சம் பஞ்சாயத்துகளுக்கும் ஃபைபர் கொண்டு போவதாக ஒரு திட்டத்துக்கு மத்திய சர்க்கார் அனுமதி கொடுத்தது. அதுதான் பிறகு பாரத்நெட் ஆயிற்று. தமிழ்நாட்டில் 12,525 கிராமப் பஞ்சாயத்துகள் அந்தக் கணக்கில் இருக்கின்றன. பல ஊர்களில் இழை பஞ்சாயத்து ஆபீசின் பெட்டி வரை வந்து பூட்டிக் கிடக்கிறது. பக்கத்துக் கேரளத்தில் 2023 ஜூன் 5-ல் கே-ஃபோன் என்று சர்க்காரே தொடங்கியது. முதல் கட்டமாக ஒரு சட்டமன்றத் தொகுதிக்கு நூறு ஏழைக் குடும்பம் என்று 14,000 வீடுகளுக்கு இலவசம் என்று அறிவித்தார்கள். அது நினைத்த வேகத்தில் நடக்கவில்லை என்ற குறை அங்கேயும் உண்டு. ஆனால் ஏழை வீட்டுக்கு இண்டர்நெட் தருவது சர்க்காரின் வேலை என்று ஒத்துக்கொண்டார்களே, அதைத்தான் நாம் பிடித்துக்கொள்ள வேண்டும். அடுத்த கிராம சபையில் எழுந்து நின்று இரண்டே கேள்வி கேளுங்கள்: நம் பஞ்சாயத்துக்கு இழை வந்துவிட்டதா? வந்திருந்தால் பள்ளிக்கூடத்துக்கும் காலனிக்கும் ஏன் போகவில்லை? பதிலைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொல்லுங்கள்.

மூன்றாம் ஷிப்டுத் தோழர்கள் கிளம்ப வேண்டிய நேரமாகிவிட்டது. நோட்டீசுக்காரர் மறுபடி வந்தால் உடனே கையெழுத்துப் போடாதீர்கள். ராத்திரி ஒன்பதுக்கு என்ன வேகம், ஏறுகிற வேகம் எவ்வளவு, மாத எல்லை தாண்டினால் வேகம் எதுவரை இறங்கும், கரண்டு போனால் தெருப் பெட்டி ஓடுமா, பழுது சொன்னால் எத்தனை நாளில் வருவீர்கள் என்று கேட்டு, நோட்டீசின் பின்பக்கத்தில் அவர் கையாலேயே எழுதச் சொல்லுங்கள். ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணி முதல் நான் இங்கே இருப்பேன். அந்த நோட்டீசையும், கடைசி மூன்று மாத பில்லையும், பழைய டெபாசிட் ரசீது இருந்தால் அதையும் கொண்டு வாருங்கள். தாத்தா பெயரில் டெலிபோன் உள்ளவர்கள் அவருடைய இறப்புச் சான்றிதழின் நகலையும் சேர்த்துக் கொண்டு வாருங்கள்; பெயர் மாற்ற விண்ணப்பத்தை அங்கேயே எழுதிவிடலாம்.